ஓரங்களில் எழுதப்பட்ட கதைகள்

2004-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'ஹாஃப்-லைஃப் 2' விளையாட்டில் நீண்ட கடற்கரைச் சாலை ஒன்று வரும். கதாநாயகன் கார்டன் ஃப்ரீமேன் அந்தச் சாலையில் வண்டியை விரட்டிக்கொண்டு போக வேண்டும். மணலைப் பிளந்துகொண்டு பாயும் ராட்சதப் பூச்சிகள், துப்பாக்கியோடு காத்திருக்கும் சிப்பாய்கள், பாதி இடிந்த பாலம் என்று கவனத்தைப் பிடுங்க எத்தனையோ இருக்கின்றன. வண்டியை நிறுத்தி இறங்குபவருக்கு மட்டும் வேறொன்று உறுத்தும். படகுத்துறையின் மரக்கால்கள் தண்ணீரைத் தொடாமல் காய்ந்த மணலில் நெடுநெடுவென்று நிற்கின்றன. படகுகள் தரைதட்டிக் கிடக்கின்றன. அலை எங்கோ கீழே அடிக்கிறது. பூமியைப் பிடித்துவைத்திருக்கும் அந்நியர்கள் கடலையே உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கதையின் மிகப் பெரிய பேரழிவுகளில் ஒன்று அது. ஆனால் எந்தக் கதாபாத்திரமும் நம்மை நிறுத்தி அதை விளக்குவதில்லை. ஆட்டத்தின் இலக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பார்க்காமல் கடந்துபோனாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது.

வீடியோ கேம் பற்றி நம் ஊடகங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டே தடங்களில் ஓடுகிறது: பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்ற கவலை ஒன்று, கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது என்ற வியப்பு இன்னொன்று. ஒரு கேமுக்குள் என்னதான் இருக்கிறது என்ற கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. அப்படிக் கேட்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதன் பின்னணி என்பது என் வாதம். சினிமாவில் கேமரா இயக்குநரின் கையில் இருக்கிறது. எதை, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை அவரும் எடிட்டரும் முடிவு செய்துவிடுகிறார்கள். கேமில் கேமரா ஆடுபவர் கையில். அதனால் ஒரு லெவலின் மூலையில் எதையாவது வைக்கும் கலைஞர், அது யார் கண்ணிலும் படாமலே போகலாம் என்று தெரிந்தே வைக்கிறார். டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காக்களை வடிவமைத்த பிரிவில் பணியாற்றிய டான் கார்சன், 2000-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத் தெளிவாக வகுத்துக் காட்டினார்: கதையை இடத்துக்குள்ளேயே கரைத்துவிட வேண்டும், உடைந்த கதவையும் கருகிய சுவரையும் பார்த்து இங்கே என்ன நடந்தது என்பதை வருகிறவரே ஊகிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் கழித்து, கேம் டெவலப்பர்களின் ஆண்டு மாநாட்டில் ஹார்வி ஸ்மித்தும் மத்தியாஸ் வோர்ச்சும் அதே எண்ணத்தை மேலும் கொண்டுசென்றார்கள். துண்டுகளை வைப்பதோடு வடிவமைப்பாளரின் வேலை முடிந்தது, கோப்பது ஆடுபவரின் வேலை. அந்தக் கோப்பு நடக்கும்போதுதான் கேம் என்பது வேறெந்தக் கலையும் செய்யாத ஒன்றைச் செய்கிறது.

இந்தப் பழக்கத்தின் தொடக்கம் தொழிலாளர்களின் மனக்குறை ஒன்றில் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுபதுகளின் இறுதியில் அட்டாரி நிறுவனம் தன் கேம்களின் அட்டையிலோ திரையிலோ எழுதியவரின் பெயரைப் போடுவதில்லை. பெயரும் பங்கும் கேட்டு மனம் கசந்த நான்கு புரோகிராமர்கள் வெளியேறி 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் இடம்பெற்றார்கள். அதே அட்டாரியில் வேலை செய்த வாரன் ராபினெட் வேறு வழி கண்டார். 1980-இல் வெளிவந்த அவருடைய 'அட்வென்சர்' வெறும் 4 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதற்குள் ஒரு புதிர்ப்பாதையில், தரையின் சாம்பல் நிறத்திலேயே ஒற்றைப் புள்ளியை மறைத்துவைத்தார். அதைக் கண்டுபிடித்துச் சரியான இடத்துக்குத் தூக்கிச் செல்பவருக்கு ஒரு சுவர் வழிவிடும். உள்ளே ஓர் அறை. அதில் மேலிருந்து கீழாக மின்னும் எழுத்துகளில், இதைச் செய்தவர் வாரன் ராபினெட் என்று எழுதியிருக்கும். அவர் வேலையை விட்டுப்போன பிறகுதான் அமெரிக்கச் சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். பெயரை மறுத்த முதலாளிக்குத் தெரியாமல், பெயரைத் தேடி வரும் முகம் தெரியாத ஒருவருக்காக அந்த அறை காத்திருந்தது. அட்டையில் இடம் கிடைக்காத ஒருவர் பின்னணியில் எழுதிக்கொண்ட கையெழுத்து அது. இதை வேடிக்கையான துணுக்குச் செய்தியாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் அநீதி.

கையெழுத்தோடு நின்ற இந்தக் கலை எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்பதற்கு 2013-இல் வந்த 'கான் ஹோம்' நல்ல சாட்சி. அதைச் செய்தவர்கள் நான்கே பேர். அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஒரே வீட்டில் குடியிருந்து வேலை செய்த சிறு குழு அது. கதை 1995-இல் ஓரிகனில் நடக்கிறது. ஐரோப்பாவில் ஓராண்டு சுற்றிவிட்டு ஒரு மழை இரவில் வீடு திரும்பும் கேட்டியை, ஆளில்லாத பெரிய வீடு வரவேற்கிறது. சுடவோ ஓடவோ தேவையில்லை. அறை அறையாகப் போய் இழுப்பறைகளைத் திறந்து பார்ப்பதுதான் ஆட்டம். தங்கை சாமின் காதல் கதை அவளுடைய குரலிலேயே நமக்குக் கேட்கிறது. அது தவறவிட முடியாதது. தந்தை டெரியின் கதைக்குக் குரல் கிடையாது. கென்னடி கொலையைத் தடுக்கக் காலத்தில் பின்னோக்கிப் பயணிப்பவனைப் பற்றி அவர் எழுதிய நாவல்கள், விற்காமல் பெட்டிகளில் கிடக்கின்றன. திரும்பத் திரும்ப அவர் மனம் போய் முட்டும் ஆண்டு 1963. அந்த வீடு அவருடைய மாமா ஆஸ்கரிடமிருந்து வந்தது. நிலவறையில் இருக்கும் பெட்டகத்தைத் திறந்தால், ஆஸ்கர் தன் சகோதரிக்கு, அதாவது டெரியின் தாய்க்கு, மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் இருக்கிறது. அதே நிலவறையில் ஒரு சிறுவன் வந்துபோனதன் தடயங்கள். அந்தச் சிறுவனுக்கு 1963-இல் இந்த வீட்டில் என்ன நேர்ந்தது, ஒரு மனிதர் ஏன் ஆயுள் முழுக்க அந்த ஓர் ஆண்டைத் திருத்தி எழுதப் பார்க்கிறார் என்பதையெல்லாம் கேம் ஓர் இடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பொருள்களை வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. குழந்தைப் பருவத்தில் சிதைக்கப்பட்டவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை; வீடுகளும் பேசுவதில்லை. அந்தப் பேசாமையைப் பின்னணியில் வைத்தது கதை சொல்லும் உத்தியாக மட்டும் எனக்குப் படவில்லை. அந்தத் துயரத்தின் இயல்பே அதுதான். இதை ஒரு குரல் விளக்கியிருந்தால் பாதி உண்மை போயிருக்கும்.

உடனே எழும் மறுப்பு: பாதிப் பேர் அந்தப் பெட்டகத்தைத் திறக்காமலே ஆட்டத்தை முடித்துவிடுவார்களே, யாரும் பார்க்காததைச் செய்து என்ன பயன்? நியாயமான கேள்விதான். 2009-இல் வந்த 'பேட்மேன்: ஆர்கம் அசைலம்' இதற்கு ஓர் உச்ச உதாரணம். சிறை அதிகாரியின் அறையில் எந்த அடையாளமும் இல்லாத ஒரு சுவரை வெடிவைத்து உடைத்தால், உள்ளே அடுத்த பாகத்தின் நகரத் திட்டம் வரைபடமாக மாட்டியிருக்கும். லட்சக்கணக்கானவர்கள் ஆடியும் யாருக்கும் தட்டுப்படாமல், கடைசியில் ராக்ஸ்டெடி நிறுவனமே வெளியில் சொல்ல வேண்டியதாயிற்று. அது சற்று அதிகம் என்றே நானும் கருதுகிறேன்; கண்டுபிடிக்க எந்த நூல்நுனியும் கொடுக்காமல் மறைப்பது ஆடுபவரை நம்புவதாகாது. ஆனால் நூல்நுனி இருக்கும் இடத்தில் கணக்கு மாறிவிடுகிறது. 2011-இல் வந்த 'டார்க் சோல்ஸ்' கேமில், ராட்சதர்களின் கல்லறை என்ற கும்மிருட்டுப் பகுதியில் ஒரு பாறை விளிம்பு வரும். அங்கிருந்து தொலைவில் தீக்குழம்பு ஒளிர்வதும், பெருமரங்கள் நிற்பதும் தெரியும். ஓவியத் திரை என்று நினைத்துக் கடந்துவிடலாம். அவை இரண்டும் அதே உலகில் கால் வைத்து நடக்கக்கூடிய உண்மையான இடங்கள். அதைக் கவனித்தவருக்கு அந்த உலகம் துண்டு துண்டான லெவல்களாக இல்லாமல் ஒரே நிலமாக மனதில் நிலைத்துவிடுகிறது. அதன் இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி, சிறுவயதில் முழுதாகப் புரியாத ஆங்கிலக் கதைப் புத்தகங்களைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டவர். அந்த அனுபவத்தையே தன் கேம்களுக்குள் கொண்டுவந்ததாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்பது விளம்பரப் பலகையின் தேவை.

யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தும் பின்னணி மாறும். டொரண்டோவின் விசாய் கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' இதற்கு நமக்கு மிக அருகில் உள்ள சான்று. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பத்தின் கதை. ஆட்டக்களம் பெரும்பாலும் ஒரு சமையலறை. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேட்டில் எழுத்துகள் அழிந்திருக்கின்றன, பக்கங்கள் கிழிந்திருக்கின்றன. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் செய்து முடிக்க வேண்டும். இட்லிப் பானையைப் பார்த்தறியாத ஒருவருக்கு அது மூளைக்கு வேலை தரும் புதிர். அதன் தட்டுகளை அடுக்கிப் பழகிய கைகளுக்கு அது புதிரே இல்லை. விடை கைக்குத் தெரியும். ஆண்டுகள் நகரும்போது பின்னணியில் ஒலிக்கும் இசையும் அந்தந்தக் காலத் தமிழ்த் திரையிசையின் சாயலை ஏற்றுக்கொள்கிறது. அந்த மாற்றத்தைக் காதால் பிடிக்கத் தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ புலம்பெயர்ந்த நாட்டிலோ வானொலி கேட்டு வளர்ந்திருக்க வேண்டும். 2024-இல் சுயாதீன கேம் விழாவின் பெரும்பரிசும், முதல் படைப்புக்கான பாஃப்டா விருதும் அதற்குக் கிடைத்தன. தமிழ் அறியாத நடுவர்களையும் அது தொட்டது. நமக்கு அதற்கு மேலும் ஓர் அடுக்கைத் திறந்துவைத்தது. எந்த அடுக்கையும் யாருக்கும் விளக்கவில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது, உழைப்பைப் பற்றியது. 2018-இல் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' வெளிவந்தபோது, குளிரில் குதிரையின் விதைப்பை சுருங்குவது வரை அதன் நுணுக்கத்தை உலகமே மெச்சியது. அதே சமயத்தில் ராக்ஸ்டாரின் டேன் ஹவுசர், வாரத்துக்கு 100 மணி நேரம் உழைத்ததாக ஒரு பேட்டியில் சொன்னார். தன்னையும் மூத்த எழுத்தாளர்கள் சிலரையும் மட்டுமே அப்படிக் குறிப்பிட்டதாகப் பிறகு விளக்கினார் என்றாலும், அந்தத் தொழிலில் ஊழியர்கள் எப்படிப் பிழிந்தெடுக்கப்படுகிறார்கள் என்ற விவாதம் அதிலிருந்து பற்றிக்கொண்டது. பின்னணியைக் கொண்டாடும் எவரும் இந்தக் கேள்வியிலிருந்து நழுவ முடியாது. ஒருவருடைய தூக்கத்தைத் தின்று வளர்ந்த நுணுக்கத்தை நான் புகழமாட்டேன். ஆனால் நுணுக்கத்தின் அளவும் அதன் பொருளும் வேறு வேறு. நான்கு பேர் செய்த கேமின் ஒரு கடிதம், ஆயிரக்கணக்கானவர்கள் செய்த கேமின் குதிரையை விட ஆழமாகப் பேசுகிறது. அளவு மிஞ்சினால் பேச்சே கேட்காமல் போகும் என்பதற்கும் சான்று உண்டு. அண்மைக் காலப் பெரிய கேம்களில் ஏற வேண்டிய பாறையிலும் உடைக்க வேண்டிய பெட்டியிலும் மஞ்சள் பெயிண்ட் பூசிவைக்கிறார்கள். 2023-இன் 'ரெசிடென்ட் ஈவில் 4' மறு ஆக்கம் வந்தபோது இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. திரை முழுக்கப் பொருள்களைக் கொட்டிவிட்டதால் எது முக்கியம் என்று கண்ணுக்குத் தெரிவதில்லை, எனவே பெயிண்ட். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது எலும்புக்கூடுகள். 2008-இன் 'ஃபால்அவுட் 3' அணுப்போரில் அழிந்த ஊர்களில் அவற்றை விதவிதமாகக் கிடத்திவைத்தது. கட்டிலில் அருகருகே கிடக்கும் இரு எலும்புக்கூடுகளை முதலில் பார்க்கும்போது நெஞ்சு கனக்கும். எலும்புக்கூட்டை வைத்தால் கதை ஆகிவிடும் என்று அதன் வழிவந்த பலரும் எடுத்துக்கொண்டதில் அந்த வலு தேய்ந்துவிட்டது.

இதுவரை சொன்னவை ஆடுபவருக்காகவே வைக்கப்பட்டவை. வைத்தவருக்கே தெரியாமல் தங்கிவிட்டவையும் உண்டு. அவற்றைத் தேடுபவர்களின் கதை இன்னும் சுவையானது. ஃபுமிட்டோ உவேடா இயக்கத்தில் 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்' பரந்த, ஏறக்குறைய வெறிச்சோடிய ஒரு நிலத்தைத் தருகிறது. அதில் 16 பூதங்களைத் தேடி வீழ்த்த வேண்டும். முதலில் 48 பூதங்கள் என்று திட்டமிட்டு, 24 ஆக்கி, கடைசியில் 16-இல் நிறுத்தினார்கள். பூதங்களை நீக்கினாலும் நிலம் முழுவதையும் அழிக்க முடியவில்லை. எதற்கென்றே தெரியாத வெளிகளும் கட்டடங்களும் அப்படியே நின்றுவிட்டன. பதினேழாவது பூதம் எங்கோ மறைந்திருக்கிறது என்று நம்பிய ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் அந்த நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவினார்கள். கோயில் மதிலில் பற்றி ஏறும் வலு கூடும்வரை ஆடி, உச்சியில் இருந்த தோட்டத்தை அடைந்தார்கள். பதினேழாவது பூதம் கிடைக்கவில்லை. அப்படி ஒன்று இல்லை. ஆனால் நோமட் என்ற புனைபெயரில் அறியப்பட்டவரைப் போன்ற தேடல்காரர்கள் கேமின் தரவுகளையே பிரித்துப் பார்த்து, எந்த வெளியில் எந்தப் பூதம் நின்றிருக்கக்கூடும், எது எந்தக் கட்டத்தில் வெட்டப்பட்டது என்று ஒரு வரலாற்றைத் தொகுத்தார்கள். புதையல் தேடிப் போனவர்கள் தொல்லியலாளர்களாகத் திரும்பினார்கள். 2018-இல் அந்த கேமை மீண்டும் செய்த புளூபாயிண்ட் நிறுவனம், நிலமெங்கும் 79 பொற்காசுகளைச் சிதறவைத்து, அனைத்தையும் சேர்ப்பவருக்குக் கோயிலின் அடியில் ஒரு கதவு திறந்து வாள் கிடைக்கும்படி செய்தது. இத்தனை ஆண்டுகள் தேடியவர்களுக்கு அது ஒரு பதில் மரியாதை.

இல்லாத பூதத்தைத் தேடியது பைத்தியக்காரத்தனம், இல்லாத இடத்தில் பொருளைக் கற்பிப்பதுதான் இந்தப் பழக்கத்தின் நோய் என்பார்கள் சிலர். அந்த நோய் இருக்கிறது. 1996-இன் 'சூப்பர் மாரியோ 64' கேமில் ஒரு சிலையின் அடியில் மங்கலான பலகை உண்டு. மாரியோவின் தம்பி லூயிஜி உண்மையாகவே இருக்கிறார் என்று அதில் எழுதியிருப்பதாகக் கண்ணைச் சுருக்கிப் படித்து, ஒரு தலைமுறையே அவரைத் தேடியது. அதே பலகைப் படத்தை நின்டெண்டோ பின்பு ஒரு 'செல்டா' கேமின் குகையிலும் ஒட்டியிருந்தது. யாரும் படிப்பதற்காக எழுதிய எழுத்து அது இல்லை என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். 2020-இல் கசிந்த நின்டெண்டோ கோப்புகளில் அந்த கேமுக்காகச் செய்யப்பட்ட லூயிஜியின் பாகங்கள் கிடைத்தன. பலகையைப் பற்றிய நம்பிக்கை பொய், லூயிஜியைப் பற்றிய ஊகம் மெய் என்று ஆனது. எனவே வேண்டியது தேடுவதை நிறுத்துவது இல்லை. ஆடுபவருக்காக வைத்தது எது, மிச்சமாகத் தங்கியது எது, இடத்தை நிரப்ப ஒட்டியது எது என்று பிரித்தறியும் ஒழுக்கம். இலக்கிய வாசகரிடமும் வரலாற்று மாணவரிடமும் எதிர்பார்ப்பதும் அதுதான். வேண்டுமென்றே வைத்தவையும் பொய் சொல்லக்கூடும். 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' (2014) பிரெஞ்சுப் புரட்சிக் காலப் பாரிஸில் நோத்ர் தாம் பேராலயத்தைப் பெரும் உழைப்பில் எழுப்பியது. அதன் உச்சியில் 19-ஆம் நூற்றாண்டில்தான் கட்டப்பட்ட கூர்கோபுரம் நிற்கிறது. இன்றைய மக்கள் அது இல்லாமல் அந்த ஆலயத்தை அடையாளம் காணமாட்டார்கள் என்பதற்காக வரலாறு விட்டுக்கொடுத்தது. பின்னணியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுபவர் குறுக்கு விசாரணையும் செய்தாக வேண்டும்.

கடைசி மறுப்பு மாயையைப் பற்றியது. எல்லையைத் தாண்டிக் கேமராவைக் கொண்டுபோய், சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. அது வித்தைக்காரரின் சட்டைப் பையைத் துழாவுவது போல இல்லையா? நான் அப்படி நினைக்கவில்லை. 'ஹாஃப்-லைஃப் 2'-இல் வானளாவத் தெரியும் தொலைதூரக் கட்டடங்கள், பதினாறில் ஒரு பங்கு அளவில் தனியாகச் செய்த சிறு மாதிரிகள். 1999-இன் 'சைலன்ட் ஹில்' ஊரை மூடிய மூடுபனி, தூரத்தை வரைந்து காட்டப் பழைய பிளேஸ்டேஷனுக்குத் திராணி இல்லாததால் வந்தது. அந்தக் குறையே அந்த கேமின் அச்சமாக மாறியது. 'டூம் 2'-இன் (1994) கடைசிப் பேயின் மூளைக்குள் ராக்கெட்டை அனுப்ப வேண்டும்; சுவருக்குள் நுழையும் ரகசியக் கட்டளையைத் தட்டி உள்ளே போனவர்கள், அங்கே கழுமரத்தில் குத்தியிருந்த ஜான் ரோமெரோவின் தலையைக் கண்டார்கள். அந்த கேமின் கர்த்தாக்களில் ஒருவர் அவர். அவரைத்தான் இத்தனை நேரம் சுட்டுக்கொண்டிருந்தோம். இவற்றில் எதைத் தெரிந்துகொண்டதாலும் அந்த ஆட்டங்களின் சுவை குறையவில்லை.

எல்லாவற்றிலும் வலுவான சான்று 'பி.டி.'. 2014 ஆகஸ்ட் மாதம், ஹிடியோ கோஜிமாவும் கியெர்மோ டெல் டோரோவும் செய்யவிருந்த புதிய 'சைலன்ட் ஹில்' கேமுக்கு முன்னோட்டமாக இலவசமாக வந்தது அது. ஒரு வீட்டின் வளைந்த நடைவழி. அதன் கடைசிக் கதவைத் திறந்தால் மறுபடியும் அதே நடைவழியின் தொடக்கம். லிசா என்ற பேய் எப்போது எங்கே தோன்றுவாள் என்று தெரியாது. முதுகுக்குப் பின்னால் யாரோ இருப்பது போலவே இருந்தது என்று ஆடியவர்கள் பலர் சொன்னார்கள். நல்ல திகில் படைப்புக்கு எல்லோரும் சொல்வதுதான் என்று அது விடப்பட்டது. 2019-இல் லான்ஸ் மெக்டொனால்டு கேமராவைப் பாத்திரத்திடமிருந்து பிரித்துத் திருப்பிப் பார்த்தபோது, டார்ச் கைக்கு வந்த நேரத்திலிருந்து லிசா உண்மையாகவே ஆடுபவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. அவளுடைய நிழலும் மூச்சொலியும் எங்கிருந்து வந்தன என்பது ஐந்து ஆண்டுகள் கழித்து விளங்கியது. ஆடியவர்களின் உடம்பு பொய் சொல்லவில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு நடக்காமலே போயிருக்கலாம். 2015-இல் கொனாமி நிறுவனம் அந்தப் பெருந்திட்டத்தைக் கைவிட்டு, 'பி.டி.'யையும் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. ஏற்கெனவே இறக்கிவைத்திருந்தவர்களும் ஒருமுறை அழித்தால் மறுபடி இறக்க முடியாது. அது இன்று மிஞ்சியிருப்பது அழிக்காமல் வைத்துக்கொண்ட தனிமனிதர்களின் கன்சோல்களில். மெக்டொனால்டு திறந்து பார்க்க ஒன்று இருந்ததும் அதனால்தான். 'பி.டி.' ஏதோ விதிவிலக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் முறையாக வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது. கதைச்சுருக்கமும் சில படங்களும் எங்காவது தப்பிப் பிழைக்கும். படகுத்துறையின் கால்களும் பெட்டகத்துக் கடிதமும் அப்படித் தப்புவதில்லை, ஏனென்றால் அவற்றை யாரும் சுருக்கத்தில் எழுதிவைப்பதில்லை. லெவல் அழிந்தால் அவையும் சேர்ந்து அழியும். இன்று பயன்படுத்தாமல் விடப்பட்ட படங்களையும் பூட்டிய அறைகளையும் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து, 'கட்டிங் ரூம் ஃப்ளோர்' போன்ற கூட்டு ஆவணங்களில் சேர்த்துவருபவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத ரசிகர்கள். பல நேரம் அவர்கள் செய்வது பதிப்புரிமைச் சட்டத்தின் விளிம்பில் நிற்கும் வேலை. திரைச்சுருளுக்கும் ஓலைச்சுவடிக்கும் காப்பகம் கட்டும் அரசுகளும் பல்கலைக்கழகங்களும், சட்டத்தில் தெளிவான விலக்கைக் கொடுத்து இந்த வேலையைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும்.